நரேனுக்கு எத்தனை மார்க்?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு ஒரு நீளமான வரலாற்றுப் பதிவு. சோழர், பல்லவர்னு எழுத இங்க பெரியவங்க நிறைய பேர் இருக்கீங்க. நமக்குத் தெரிஞ்சது பொட்டி தட்டுறது மட்டும்தான். அதனால, கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள கார் ஓட்டுற டிரைவர்களோட வரலாறு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நீட் ஃபார் ஸ்பீட் ஆடினவங்களுக்கு இந்தக் கடுப்பு கண்டிப்பா வந்திருக்கும். எல்லாரையும் முந்திட்டு ரொம்ப தூரம் போயிருப்பீங்க. ஒரு திருப்பத்துல லேசா சுவத்துல உரசுவீங்க. அடுத்த நிமிஷம் எங்கயோ கிடந்தவன் கண்ணாடியில தெரிவான். எப்படி வந்தான்? நல்லா ஓட்டி வரலை. நீங்க முன்னாடி போனதால அவனுக்கு வேகம் கூடிடுச்சு. நீங்க பின்தங்கினா அவனுக்கு வேகம் குறையும். ஊருக்கே தெரிஞ்ச இந்தத் தில்லாலங்கடி வேலைக்குப் பேரு ரப்பர் பேண்ட். 1992-ல வந்த சூப்பர் மரியோ கார்ட் காலத்துலயே ஜனங்க இதைத் திட்ட ஆரம்பிச்சாச்சு.

ஆட்டம் சுவாரஸ்யமா இருக்கணும்னு கம்பெனிக்காரங்க இதைப் பண்றாங்க, சரி. ஆனா நிஜ ரேஸை அப்படியே கம்ப்யூட்டர்ல கொண்டு வரணும்னு நினைக்குற ஒரு கூட்டம் இருக்கு. அவங்களுக்கு இது பச்சைத் துரோகம். அவங்க கம்ப்யூட்டர் டிரைவரோட மண்டையைத் திறந்து, உள்ள இருக்குற நம்பரை எல்லாம் மாத்தி எழுத ஆரம்பிச்சாங்க. இதுக்கு மாட் பண்றதுன்னு பேரு. (மாடு இல்லை சாமி, மாட்.) அப்படித் திறந்த மண்டைகள்ல ஒண்ணு நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனோடது.

1. முதல்ல அவங்க டிரைவரே இல்லை

1982-ல நாம்கோ கம்பெனி போல் பொசிஷன்னு ஒரு ஆட்டம் விட்டாங்க. ரோட்டுல மத்த கார்களும் ஓடும். ஆனா அதுங்க உங்களோட போட்டி போடலை. அரசமரத்தடியில படுத்திருக்குற மாடு மாதிரி, சும்மா தடையா வந்துட்டுப் போகும். அவ்ளோதான்.

அந்தத் தடைகளுக்குப் பேர் வெச்சவங்கள்ல முக்கியமான ஆள் ஜெஃப் கிராமண்ட்ங்கிற ஆங்கிலேயர். 1980-கள் நடுவுல பிபிசி மைக்ரோங்கிற கம்ப்யூட்டருக்கு ரெவ்ஸ்னு ஒரு ஃபார்முலா 3 ஆட்டம் எழுதினார். அந்தக் கம்ப்யூட்டரோட மொத்த ஞாபக சக்தியே 32 கேபி. இன்னிக்கு வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படமே அதைவிடப் பெருசு. அதுக்குள்ள மொத்த டிராக்கையும் அடைச்சு, கூட ஓடுற டிரைவர்களுக்குப் பேரும் வெச்சார். ஒருத்தர் பேரு மேக்ஸ் த்ராட்டில், அதாவது முழு வேகம். இன்னொருத்தர் மைல்ஸ் பிஹைண்ட், அதாவது பல மைல் பின்னாடி. மனுஷனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

பேர் வந்ததும் ஒரு விஷயம் மாறிப் போச்சு. ரோட் ராஷ் ஆடின நம்ம பசங்களுக்கு இது சொல்லாமயே புரியும். நடாஷாங்கிற பேர் திரையில வந்தாலே ஒரு கிலி. பேர் இல்லாத கார் மோதினா விபத்து, பேர் இருக்குற கார் மோதினா பகை.

2. தேரும் முட்டுக்கட்டையும்

கம்ப்யூட்டர் எப்படிக் கார் ஓட்டுது? ஸ்ரீரங்கத்துக்காரன்கிற முறையில தேரை வெச்சுத்தான் எனக்கு விளக்க வரும்.

சித்திரைத் தேர் நாலு சித்திரை வீதியையும் சுத்தி நிலைக்கு வரும். வடம் பிடிக்குற ஆயிரக்கணக்கான பேர் கொடுக்குறது இழுவை மட்டும்தான். தேர் எந்தப் பக்கம் திரும்பணும், எங்க வேகம் குறையணும்னு தீர்மானிக்குறவர் சக்கரத்துக்குக் கீழ கட்டை போடுறவர். அந்த முட்டுக்கட்டை ஒரு சாண் தள்ளி விழுந்தா தேர் வேற பக்கம் போகும். (திருவாரூர் ஆழித்தேருக்கு நம்ம திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பண்ணிக் கொடுத்தது உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.)

ரேஸ் ஆட்டத்துலயும் இதே கதைதான். டிராக் முழுக்க சில மீட்டருக்கு ஒரு புள்ளி வெச்சிருப்பாங்க. இந்தப் புள்ளியில கார் ரோட்டோட எந்த ஓரத்துல இருக்கணும், அடுத்த புள்ளி எங்க இருக்கு, முந்தணும்னா எந்தப் பக்கம் இடம் இருக்குன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். புள்ளிகளைச் சேர்த்தா ஒரு கோடு. கம்ப்யூட்டர் டிரைவர் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போவார்.

திருப்பத்துல எவ்ளோ வேகம் போகலாம்னு கண்டுபிடிக்க நம்ம பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். டயரோட பிடிமானம், புவியீர்ப்பு, வளைவோட ஆரம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். வளைவோட ஆரம் 50 மீட்டர், பிடிமானம் 1-ன்னு வெச்சுக்கோங்க. விடை நொடிக்கு 22 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர். பிடிமானத்தை 1.1-ன்னு மாத்தினா அதே வளைவுல 84 போகலாம்.

அந்த 0.1 தான் முட்டுக்கட்டை. நிஜத்துல ரப்பரும் ரோடும் சேர்ந்து முடிவு பண்ற ஒரு விஷயத்தை, டிரைவரோட திறமைன்னு சொல்லி அவர் கணக்குல எழுதிடலாம். ஒருத்தருக்கு 1.1, இன்னொருத்தருக்கு 1.0. ஒருத்தர் சாம்பியன், இன்னொருத்தர் மைல்ஸ் பிஹைண்ட்.

3. பேர் அவங்களுது, நம்பர் நம்மளுது

கிராமண்ட் 1991-ல ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரீன்னு அடுத்த ஆட்டத்தை விட்டார். நிஜ டிரைவர்களோட பேரைப் போட உரிமை இல்லாததால, உள்ள இருந்த பேரெல்லாம் கற்பனை. ஆனா பேரை மாத்தி எழுத ஆட்டத்துலயே வசதி வெச்சிருந்தார். வாங்கினவன் முதல் வேலையா செனா, ப்ராஸ்ட், மான்செல்னு டைப் அடிச்சுட்டுத்தான் ஆடவே உக்காருவான்.

பேரை மாத்தினா மட்டும் போதுமா? செனாங்கிற பேருல எவனோ ஒருத்தன் மந்தமா ஓட்டினா பார்க்கச் சகிக்குமா? டிரைவரோட பிடிமான நம்பர்கள் ஆட்டத்தோட நிரலுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்தாங்க. தகுதிச் சுத்துக்கு ஒரு நம்பர், பந்தயத்துக்கு ஒரு நம்பர். அதை மாத்த அவங்களே சின்னச் சின்ன மென்பொருள் எழுதி இலவசமா கொடுத்தாங்க. 1996-ல வந்த கிராண்ட் பிரீ 2 ஆட்டத்துல 1994 சீசனோட நிஜப் பேர்கள் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிஞ்சதும் யாரோ ஒருத்தர் உக்காந்து புது நம்பர்களைப் போட்டுத் தருவார். நம்மூர்ல பசங்க கிரிக்கெட் 07 ஆட்டத்துக்கு வருஷா வருஷம் ஐபிஎல் பேட்ச் போட்டாங்களே, அதுக்கு இது பெரியப்பா முறை.

1998-ல பாப்பிரஸ் கம்பெனியோட கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் வந்துச்சு. அது 1967 சீசன். அதுல ஹோண்டா டீமுக்கு உரிமை கிடைக்காததால முரசாமான்னு பேர் வெச்சாங்க. கூப்பர் டீம் கவன்ட்ரி ஆச்சு. ரசிகர்கள் ரெண்டையும் திருத்தி அசல் பேரைப் போட்டாங்க. அதோட நிக்கலை. 1965, 1969 சீசன்களையும் கட்டினாங்க. அந்த டிரைவர்கள்ல பல பேர் டிராக்லயே செத்துப் போனவங்க. ஜிம் கிளார்க் 1968-ல போய்ச் சேர்ந்துட்டார். பழைய லேப் டைம்களையும் ரேஸ் முடிவுகளையும் தேடி எடுத்துக்கிட்டு, இவர் மழையில எப்படி, அவர் ஸ்டார்ட்ல எப்படின்னு ராத்திரி பகலா சண்டை போட்டு ஒரு நம்பருக்கு வருவாங்க. வெட்டி வேலைதான். ஆனா ஆதாரத்தை வெச்சுக்கிட்டு அடிச்சுக்குற சண்டைக்கு வரலாறுன்னுதானே பேரு?

4. மண்டை சூடாகுற நேரம்

2005-ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல இருக்குற இமேஜ் ஸ்பேஸ் கம்பெனி ஆர்ஃபேக்டர்னு ஒரு சிமுலேஷன் விட்டாங்க. இது மாட் பண்றதுக்குன்னே பொறந்த ஆட்டம். எதையும் தோண்ட வேண்டாம். டேலண்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். டிரைவர்களோட விவரம் சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேட்ல திறந்து படிக்கலாம், மாத்தலாம், சேமிக்கலாம்.

ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பத்தி. தகுதிச் சுத்துத் திறமை, பந்தயத் திறமை, நிலைத்தன்மை, மழைத் திறமை, முந்துற குணம், மோதுற வாய்ப்பு, தடுமாறினா சுதாரிக்குற திறமை, எத்தனை சதவீத ரேஸை முடிப்பார், எல்லாத்துக்கும் தனித்தனி நம்பர். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கோல்டு பிரெயின்னு ஒரு வரி. ரேஸ் ஆரம்பிச்சு டிரைவரோட மண்டை முழுசா சூடாக எவ்ளோ நேரம் ஆகும், அதுவரைக்கும் எவ்ளோ கம்மியா வேலை செய்வார்னு ரெண்டு நம்பர். திங்கக்கிழமை காலையில எனக்கு அந்த நம்பர் ரொம்பப் பெருசு :-)

நான் இதை முதல்ல பார்த்தது ஸ்கூல் நாள்ல, தில்லை நகர்ல ஒரு நண்பன் வீட்டுப் பொட்டியில. ரெண்டு பேருக்கும் சிமுலேஷன்னா என்னன்னே தெரியாது. ஆனா ஒரு மனுஷனோட குணத்தையே வரி வரியா எழுதி வெச்சிருக்காங்கன்னு மட்டும் புரிஞ்சுது. நிரல் எழுதுற வேலைக்கு நான் வந்ததுல அந்த நோட்பேடுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.

5. இப்ப நம்மாளுக்கு வருவோம்

நரேன் கார்த்திகேயன். 1977-ல சென்னையில பொறந்து கோயமுத்தூர்ல வளர்ந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் சவுத் இந்தியா ராலி ஜெயிச்சவர். சோழவரத்துல ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்துல கார் ரேஸ் நடந்தது, 1990 வாக்குல இருங்காட்டுக்கோட்டையில டிராக் வந்தது, கோயமுத்தூர் கரிவரதன் கையால ரேஸ் கார் கட்டினது, இந்த எல்லாத்தோட தொடர்ச்சிதான் நரேன். 1996-ல ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 1999-ல பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல ரேஸ் ஜெயிச்சார். 2005 மார்ச் 6, மெல்போர்ன்ல ஜோர்டன் காரோட ஃபார்முலா ஒன்ல இறங்கினார். அங்க இறங்கின முதல் இந்தியர் அவர்தான். 12-ஆவதா கிளம்பி 15-ஆவதா முடிச்சார்.

அந்த 2005 சீசன் சோனியோட பிளேஸ்டேஷன் ஆட்டத்துலயும் வந்துச்சு, ரசிகர்களோட மாட்கள்லயும் வந்துச்சு. சிடிடிபிங்கிற ஐரோப்பிய ரசிகர் குழு அந்த வருஷத்துக் கார்களை இழைச்சு இழைச்சு செஞ்சாங்க. இப்ப கேள்வி இதுதான். நரேன் பத்தியில என்ன நம்பர் எழுதுவீங்க?

பாயிண்ட் பட்டியலைப் பார்த்து எழுதலாமா? அந்த வருஷம் நரேனுக்கு 5 பாயிண்ட். அஞ்சும் ஒரே ரேஸ்ல, ஜூன் 19, இண்டியனாபொலிஸ்ல வந்தது. அன்னிக்கு மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பாதுகாப்பு இல்லைன்னு ஃபார்மேஷன் சுத்தோட உள்ள போயிட்டாங்க. மிச்சம் ஓடினது 6 கார். ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மான்டேரோ, அதுக்கப்புறம் நரேன், 4-ஆவது இடம். பட்டியலை நம்பினா அவர் ஃபார்முலா ஒன்ல 4-ஆவது வந்த டிரைவர். ஓடின ஆளுங்களைப் பார்த்தா 6 பேர்ல 4-ஆவது. எது உண்மை? ரெண்டும் உண்மை.

சரி, கூட ஓடினவரோட ஒப்பிடலாம்னு பார்த்தா, அதே டீம்ல தியாகோ மான்டேரோ. 19 ரேஸ்ல 18-ஐ முடிச்சவர். நிலைத்தன்மைங்கிற வரியில அவருக்கு அள்ளிக் கொடுக்கலாம், ஆதாரம் இருக்கு. நரேன் ஷாங்காய்ல சுவத்துல போய் பலமா மோதினார், அதை மோதுற வரியில ஏத்தலாம், அதுக்கும் ஆதாரம் இருக்கு. ஆனா வேகம்? அந்த ஜோர்டன் காரே கடைசி வரிசைக் கார். அதுல ஒரு டிரைவரோட வேகத்தை அளக்குறது, நம்மூர் 1-ஆம் நம்பர் பஸ்ஸைக் கொடுத்து சத்திரத்துல இருந்து ஸ்ரீரங்கத்துக்கு எவ்ளோ சீக்கிரம் போறேன்னு பார்க்குற மாதிரி. காவிரிப் பாலத்துல முன்னாடி லாரி போனா ஷூமாக்கரே வந்தாலும் லாரிக்குப் பின்னாடிதான்.

தில்லை நகர் நண்பன் இதை சோதிச்சே பார்த்தான். ஒரு மாட்ல நரேனோட நம்பரை எல்லாம் உச்சத்துல ஏத்தினான். நம்மாளு சாம்பியன் ஆகலை. கொஞ்சம் முன்னாடி வந்தார், அவ்ளோதான். ஏன்னா காரோட இன்ஜினும் எடையும் வேற கோப்புல இருக்கு. திறமை 100 இருந்தாலும் நேர்ரோட்டுல இன்ஜின் என்ன கொடுக்குதோ அதான். அடுத்து ஃபெராரி காரைத் தூக்கி நரேனுக்குக் கொடுத்தான். அப்ப ஜெயிச்சார். ஆட்டம் ரொம்பக் கறாரா ஒரு விஷயத்தைக் காட்டிடுச்சு: ஆளும் வண்டியும் வேற வேற கோப்பு. நிஜ உலகத்துல அந்த ரெண்டு கோப்பையும் பிரிச்சுக் காட்ட ஆள் கிடையாது.

கேம்பஸ் இன்டர்வியூவுல பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம் கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இல்லை, வருஷா வருஷம் அப்ரைசல்ல நம்மளை 1-ல இருந்து 5-க்குள்ள ஒரு நம்பர்ல அடைக்குறாங்களே? அப்ப எல்லாம் எனக்கு நரேன் கோப்புதான் ஞாபகம் வரும். அந்த நம்பர்ல எவ்ளோ நான், எவ்ளோ எனக்குக் கொடுத்த ஜோர்டன் கார்?

6. நீலக் கொடி

கதை 2005-ஓட முடியலை. 2010-ல சென்னைக்காரர் கருண் சந்தோக் எச்ஆர்டி டீம்ல ஓடினார். 2011, 2012-ல நரேன் அதே டீம்ல. ரெண்டு வருஷமும் மெல்போர்ன்ல 107 சதவீத விதியில அந்தக் கார்கள் தகுதியே பெறலை. 2011 அக்டோபர் 30, டெல்லி பக்கத்துல நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீயில நரேன் 17-ஆவது. அந்த வருஷங்கள்ல கோட்மாஸ்டர்ஸ் விட்ட ஃபார்முலா ஒன் ஆட்டங்கள்லயும் இவங்க இருந்தாங்க, கடைசி வரிசையில.

2012 மார்ச், மலேசியா. ஒரு சுத்து முந்திப் போக வந்த வெட்டலும் நரேனும் லேசா உரசினாங்க. வெட்டலோட டயர் கிழிஞ்சு, பாயிண்ட் இல்லாம 11-ஆவதா முடிச்சார். ரேஸ் முடிஞ்சதும் பத்திரிகைக்காரங்க முன்னாடி நரேனை இடியட்னு திட்டினார். நடுவர்கள் நரேனுக்கு 20 நொடி தண்டனை கொடுத்தாங்க. நரேன் தன் மேல தப்பில்லைன்னு சொன்னார்.

இதை ஏன் இழுக்குறேன்னா, பிரேசில் நாட்டு ரெய்சா ஸ்டுடியோவோட ஆட்டோமொபிலிஸ்டா 2-ன்னு ஒரு சிமுலேஷன் 2020-ல வந்துச்சு. அதுல டிரைவர் விவரத்தை நாமளே தனிக் கோப்பா எழுதி வைக்கலாம். எல்லா நம்பரும் 0-க்கும் 1-க்கும் நடுவுல. ஆக்ரோஷம், தற்காப்பு, உடல் தெம்பு, டயரைப் பாதுகாக்குறது, தப்பு பண்ணாம இருக்குறது, இப்படிப் போற பட்டியல்ல ஒரு வரி: நீலக் கொடிக்கு வழி விடுறது. பின்னாடி இருந்து வேகமா வர்றவனுக்கு எவ்ளோ மரியாதையா ஒதுங்குவார்ங்கிற நம்பர்.

வெட்டல் கையில கோப்பைக் கொடுத்தா நரேனுக்கு நேரா 0 போடுவார். நான் போட்டா? முந்தினவனுக்கு ஒரு சுத்து கூடுதலா இருக்குங்குறதால, ஓட்டிக்கிட்டு இருக்குறவன் ரோட்டை விட்டே இறங்கணுமா? எங்க ஒதுங்கணும், எவ்ளோ ஒதுங்கணும்? நானா இருந்தா 0.7 போடுவேன். உங்களுக்கு வேற கணக்கு இருக்கலாம். கோப்பு திறந்திருக்குற வரைக்கும் நாம இதைப் பத்திப் பேசலாம்.

7. கோடு போட்டவன் யாரு?

இன்னொரு விஷயம். எந்த மாடராவது புதுசா ஒரு டிராக் கட்டினா, உதாரணத்துக்கு நம்ம இருங்காட்டுக்கோட்டையோட 3.7 கிலோமீட்டரையும் அளந்து கட்டினாலும், கம்ப்யூட்டர் டிரைவர்கள் முதல்ல அதுல ஓட மாட்டாங்க. புள்ளிக்கோடு இல்லையே! 2014-ல வந்த இத்தாலிக்காரங்களோட அசெட்டோ கோர்சாவுல மாடரே ஒரு காரை எடுத்துக்கிட்டு ஒழுங்கா ஓட்டணும். அந்த ஓட்டம் பதிவாகி ஏஐ கோடாகும். அதுக்கப்புறம் 20 கார் ஓடினாலும் எல்லாம் அவர் பாதையை ஒட்டித்தான் ஓடும். அவர் பயந்து பிரேக் அடிச்ச இடத்துல சாம்பியனும் பிரேக் அடிப்பார்.

அது கூட வேண்டாம், டிரைவரையே முழுசா நான் எழுதுறேன்னு சொல்றவங்களுக்கு டார்க்ஸ் இருக்கு. 1997-ல ரெண்டு பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச திறமூல ஆட்டம். அதுல டிரைவர்ங்குறது ஒரு சி நிரல். 0.02 நொடிக்கு ஒரு தடவை ஆட்டம் உங்க நிரலைக் கூப்பிட்டு, இப்ப நிலைமை இது, ஸ்டீயரிங் எவ்ளோ, பிரேக் எவ்ளோன்னு கேட்கும். மேல சொன்ன வர்க்கமூலக் கணக்கை காலேஜ் நாள்ல நான் எழுதிப் பார்த்தது இதுலதான். 2008-ல இருந்து சில வருஷம் ஆராய்ச்சி மாநாடுகள்ல இதை வெச்சு உலக அளவுல போட்டியே நடத்தினாங்க.

8. மூடின மண்டை

இதுக்கு நேர் எதிரா இன்னொரு பாதையும் கூடவே வளர்ந்துச்சு. 2000-த்துல வந்த காலின் மெக்ரே ராலி 2.0 ஆட்டத்துலயே கம்ப்யூட்டர் கார்களுக்கு நியூரல் நெட்வொர்க் வெச்சுட்டாங்க. 2005-ல ஃபோர்ஸா ஆட்டத்துல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் டிரைவதார்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. நீங்க ஓட்டுறதைப் பார்த்து உங்களை மாதிரியே ஓட்டக் கத்துக்கும். 2013-ல அது க்ளவுடுக்குப் போயிடுச்சு. உங்க சாயல்ல ஒரு டிரைவர் எங்கயோ ஒரு சர்வர்ல இருப்பார், உங்களால திறந்து பார்க்க முடியாது.

அதோட உச்சம் சோனியோட ஜிடி சோஃபி. ஆயிரத்துக்கும் மேல பிளேஸ்டேஷன் 4 பொட்டிகளை ஓட விட்டு, தானாவே தப்பு பண்ணித் தப்பு பண்ணிக் கத்துக்கிட்ட டிரைவர். 2021 அக்டோபர்ல உலகத்தோட தலைசிறந்த கிரான் டூரிஸ்மோ ஆட்டக்காரர்களை ஜெயிச்சுது. 2022 பிப்ரவரியில நேச்சர் இதழ்ல கட்டுரை வந்துச்சு. 2023-ல ஆட்டத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க. பிரமாதமான வேலை, ஒத்துக்கணும். ரப்பர் பேண்ட் இல்லாம நேர்மையா ஜெயிக்குற கம்ப்யூட்டர் டிரைவரைத்தானே இத்தனை வருஷமா எல்லாரும் கேட்டாங்க?

ஆனா அதுல ஒரு வேடிக்கை பாருங்க. வேகத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தா மத்த காரை இடிச்சுட்டுப் போயிடும். அதனால மோதினா இவ்ளோ கழி, முந்தினா இவ்ளோ கூட்டுன்னு ஆராய்ச்சியாளர்கள் நம்பர் வெச்சாங்க. அதாவது மரியாதைக்கு எத்தனை மார்க்னு யாரோ ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணியிருக்கார். முட்டுக்கட்டை காணாமப் போகலை. சக்கரத்துக்குக் கீழ இருந்து ஆய்வுக்கூடத்துக்குள்ள போயிடுச்சு, அவ்ளோதான். பயிற்சி முடிஞ்சு நம்ம கைக்கு வர்ற டிரைவர்கிட்ட மழைத் திறமைன்னு தனியா ஒரு வரி இருக்காது. லட்சக்கணக்கான நம்பர்கள் இருக்கும், எதுவும் எதையும் சொல்லாது.

அதே சமயம் கோட்மாஸ்டர்ஸ் 2020-ல இருந்து தங்களோட ஃபார்முலா ஒன் ஆட்டத்துல ஒவ்வொரு டிரைவருக்கும் அனுபவம், வேகம், விழிப்பு, பந்தயத் திறன்னு மார்க் போட்டு விளம்பரமாவே வெளியிட ஆரம்பிச்சாங்க. நம்பர் இப்ப எல்லாருக்கும் தெரியுது. மாத்துற உரிமை மட்டும் அவங்ககிட்ட.

எல்லாக் கதவும் சாத்தியாச்சுன்னு ஒப்பாரி வைக்கலை. ஆட்டோமொபிலிஸ்டா 2-வுல கோப்பு இருக்கு. 2019 கடைசியில ஏஐ கொண்டு வந்த ஐரேசிங்ல திறமை, ஆக்ரோஷம், வயசுன்னு எல்லாத்தையும் நாமளே வெச்சுக்கலாம். அசெட்டோ கோர்சாவும் டார்க்ஸும் இன்னும் ஓடுது. ஆனா போற போக்கைப் பார்த்தா, நல்லா ஓட்டுற டிரைவர் வேணுமா, திறந்து பார்க்கக் கூடிய டிரைவர் வேணுமான்னு கேட்குற காலம் வந்துடும் போல இருக்கு. நோட்பேட்ல நரேனோட பத்தியைத் திறந்து, இது சரியில்லைன்னு ஒரு ஸ்கூல் பையன் மாத்தி எழுதினானே, எனக்கு அது பெரிய விஷயமாப் படுது. அவன் எழுதின நம்பர் சரியா தப்பாங்குறது அடுத்த கதை. எங்கயோ ஒருத்தன் போட்ட மார்க்கை இன்னொரு ஊர்ல இருக்குறவன் கேள்வி கேட்க முடிஞ்சுது.

சரி, சாம்பார் கொதிக்குது, அம்மா கூப்பிடுறாங்க. போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. 2005 ஜோர்டன் காரையும் இண்டியனாபொலிஸையும் ஒதுக்கி வெச்சுட்டு, நரேனோட பந்தயத் திறமைக்கு 100-க்கு எவ்ளோ போடுவீங்க? பின்னூட்டத்துல நம்பரோட காரணத்தையும் எழுதுங்க. காரணம் இல்லாத நம்பருக்கு இங்க மதிப்பு கிடையாது.

டிஸ்கி: தமிழ்நாட்டுக்காரர்ங்கிற பாசத்துல 100 போடுறவங்களுக்கு மைல்ஸ் பிஹைண்ட் விருது வழங்கப்படும் :-)